பேனா அங்கே, குப்பி இங்கே

துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த சாமான்களில் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் உபயோகப்படாத சாமான் அந்தப் பேனாதான். தைலம் அம்மாவின் முழங்காலுக்குப் போனது. பால் பவுடரை நான் ஸ்பூன் ஸ்பூனாக வெறும் வாயில் தின்று தீர்த்தேன். பேனா மட்டும் நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டிக்குள் வெல்வெட் மெத்தையில் படுத்திருந்தது. கறுப்பு உடம்பு, மூடியைச் சுற்றித் தங்கப் பட்டை, உள்ளே தங்க நிப்பு. கூடவே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கருநீல மை.

மாமா அம்மாவின் அண்ணன். அவருக்கு எங்கள் அத்தாவைப் பற்றி, அதாவது என் அப்பாவைப் பற்றி, எப்போதுமே கொஞ்சம் உயர்ந்த அபிப்பிராயம். ஒரு முதலாளியின் சட்டைப்பையில் இருக்க வேண்டிய பேனா இது என்று சொல்லிக் கொடுத்தார். அத்தா முதலாளிதான், இல்லை என்று சொல்ல முடியாது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஃபேன், ஒயர், சுவிட்சு விற்கிற கடை வைத்திருந்தார். ஆனால் அந்தக் கடையில் எழுத்து வேலை என்று இருந்தது பில் போடுவது ஒன்றுதான். பில்லுக்கு அடியில் கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுத வேண்டும். தங்க நிப்பை யாராவது அழுத்துவார்களா? முதல் நாள் ஆசை ஆசையாக ஒரு பில் போட்டிருக்கிறார். மேல் தாளில் எழுத்து மணிமணியாக விழுந்தது, அடித்தாள் வெள்ளைவெளேரென்று இருந்தது. அன்று மாலையே பேனா பெட்டியோடு வீட்டு பீரோவுக்கு வந்துவிட்டது. கடையில் பழையபடி ரீஃபில் பேனா.

ஆனாலும் அத்தா அதைக் கைவிட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்டபின் கடையைச் சாயங்காலம்தான் திறப்பார். அந்த இடைவேளை பேனாவுக்கு. மேசையில் செய்தித்தாளை விரித்து, மை பாட்டிலைத் திறந்து, நிப்பு முழுதும் முங்கும்படி இறக்கி, பேனாவின் பின்பக்கத் திருகை மெதுவாகத் திருப்புவார். மைக்குள் ஒன்றிரண்டு குமிழி கிளம்பும். எதிர்ப்பக்கம் திருப்பினால் மை சத்தமில்லாமல் உள்ளே ஏறும். பழைய பனியன் துணியால் நிப்பைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். என்னைக்கூட இப்படி ஒரு நாள் பார்த்தது கிடையாது என்று அம்மா அடுப்படியிலிருந்து முணுமுணுப்பாள்.

நிரப்பியாயிற்று, எழுதுவது எதை? அத்தாவிடம் எழுத விஷயம் ஒன்றும் இல்லை. தாளின் உச்சியில் பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக 786 போடுவார். கீழே தன் பெயர், அம்மா பெயர், என் பெயர், பொழிச்சலூர் வீட்டு விலாசம். அதோடு சரக்கு தீர்ந்துவிடும். பிறகு விரித்துவைத்த செய்தித்தாளையே பார்த்து எழுத ஆரம்பிப்பார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை. வெங்காயம் விலை கிடுகிடு உயர்வு. வெங்காய விலையை அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பேனா நல்ல கனம். அந்தக் கனமே அதைத் தாளில் இழுத்துக்கொண்டு போகும், கையைச் சும்மா கூட அனுப்பினால் போதும் என்பார். எழுதிய உடனே எழுத்து ஈரத்தில் மின்னும். மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அந்த மினுமினுப்பு அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது எட்டு வயது. டி.வி.யை விட அது நன்றாக இருந்தது.

என்னை மட்டும் எழுத விடமாட்டார். "நிப்பு ஒரே கைக்குத்தான் பழகணும். கை மாறிச்சுன்னா கெட்டுடும்" என்பது அவர் சட்டம். வேண்டுமானால் மூடியை வைத்திருக்கலாம். மூடியின் மகிமையையும் அவர்தான் சொல்லித் தந்தார். கடையில் யாருக்காவது பேனா இரவல் கொடுத்தால் மூடியை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், மூடி இல்லாத பேனாவை எவனும் மறந்து பையில் வைத்துக்கொள்ள மாட்டான் என்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் அத்தாவுக்கே இது பலிக்காமல் போனது.

எங்கள் வீட்டில் குப்பியும் இருந்தாள். குப்பி என்றால் அத்தாவின் தங்கை, எங்கள் குடும்பத்தில் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அத்தாதான் அவளுக்கு அண்ணனும் தகப்பனும். அந்த வருடம் என் தமிழ்ப் பாடத்தில் மைக்குப்பி என்று ஒரு சொல் வந்தது. குப்பி என்றால் பாட்டில் என்று டீச்சர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, மைக்குப்பி மைக்குப்பி என்று கத்திக்கொண்டு குப்பியைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அவள் பிடித்து நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மை பாட்டிலுக்கும் குப்பி என்றே பெயர் நின்றுவிட்டது. அந்தக் குப்பியை எடு என்று அத்தா சொன்னால், எந்தக் குப்பியை என்று அம்மா கேட்பாள். இந்த வேடிக்கை வாராவாரம் நடந்தும் எங்களுக்கு அலுக்கவில்லை.

குப்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் பேனாவுக்கும் ஒரு நல்ல வேலை வந்தது. மாப்பிள்ளை படப்பையில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்து, ஊரெல்லாம் வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம். நல்ல வியாபாரம், நல்ல பையன். நிக்காஹ் பதிவுப் புத்தகத்தில் இந்தப் பேனாவால்தான் கையெழுத்து என்று அத்தா அன்றே முடிவு செய்துவிட்டார். வெங்காய விலையெல்லாம் எழுதிப் பழக்கியது இதற்குத்தானோ என்னவோ.

தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண்கள் பக்கம் வந்து சம்மதம் கேட்டுப் புத்தகத்தை நீட்டியபோது, குப்பி அந்தப் பேனாவால்தான் கையெழுத்துப் போட்டாள். நான் அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே ஆண்கள் பக்கம் போய்விட்டேன். அத்தாவும் அதிலேயே போட்டார். சாட்சிக்காரர்களுக்கு மட்டும் நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத்தின் ரீஃபில் பேனா, சட்டம் சட்டம்தான். மாப்பிள்ளையின் முறை வந்ததும் ஹஜ்ரத் அதே ரீஃபிலை நீட்டினார். அத்தா குறுக்கே கையை விட்டுத் தடுத்து, தங்க நிப்பு தெரியும்படி தன் பேனாவை நீட்டி, "உங்களுக்குத்தான் மாப்பிள்ளை" என்றார்.

கையெழுத்துப் போட உங்களுக்குத்தான் என்பது அத்தாவின் மனதில் இருந்தது. வாயில் வந்தது அதில் பாதி. மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுகிறார்கள், சூட் எடுக்கிறார்கள், பேனா கொடுக்கக் கூடாதா? மாஷா அல்லாஹ், மாப்பிள்ளைக்குப் பேனா போடுறாங்க என்று அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் சத்தமாகவே சொல்லிவிட்டார். கையெழுத்தை முடித்த மாப்பிள்ளை, எழுத்தைப் பார்த்து மகிழ்ந்து, அத்தாவிடம் கையை நீட்டினார். மூடிக்காக. அத்தா மூடியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கொடுத்துவிட்டார். பேனா மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் ஏறியது. ஹஜ்ரத் துஆ ஓதினார், எல்லோரும் ஆமீன் சொன்னோம். அத்தாவின் ஆமீன் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

புது மாப்பிள்ளையிடம் போய் அது இரவல் என்று யார் சொல்வது? கல்யாண சி.டி. வந்ததும் நாங்கள் அவரவர் முகம் எங்கே வருகிறது என்று தேடினோம். அத்தா மூடி கைமாறும் இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்ப்பார். மறுமுறை ஓட்டினால் மனம் மாறிக் கொடுக்காமல் இருந்துவிடுவாரோ என்று நானும் கூடவே பார்ப்பேன். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை, எனக்கு இனி படப்பை மாமா, சட்டைப்பையில் பேனாவோடுதான் வந்தார். அத்தா அவரிடம் பேசியதெல்லாம் அந்தப் பையைப் பார்த்துத்தான். குப்பிக்கு விஷயம் தெரியும். போன வாரம் வாழ்க்கைப்பட்டுப் போனவள், அது எங்கண்ணன் பேனா, கொடுத்துடுங்க என்று எப்படிச் சொல்வாள்?

மை பாட்டில் மட்டும் எங்கள் பீரோவிலேயே தங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அத்தா அதை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்ப்பார். "இந்நேரம் மை தீர்ந்திருக்கும். கண்ட மையை ஊத்தினா நிப்பு போச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்ப வைப்பார்.

நோன்புப் பெருநாளுக்குக் குப்பியும் படப்பை மாமாவும் வந்தார்கள். மாமா அன்று மாலையே கடையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். ரெண்டு நாளில் வந்து கூட்டிப் போகிறேன் என்று குப்பியை விட்டுப் போனவர் வரவே இல்லை. வாரங்கள் போயின. கடையில் லோடு இறங்குகிறது, ஆள் இல்லை என்று முதலில் போனில் சொன்னார். பிறகு போனும் குறைந்தது. பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் தினமும், "இன்னும் போகலியாம்மா?" என்று சர்க்கரையாகக் கேட்டாள். எங்கள் வழக்கப்படி, தாய்வீடு வந்த பெண்ணைப் புருஷன் வந்து கூட்டிப்போக வேண்டும். நாமாகக் கொண்டுபோய் விட்டால் பெண்ணுக்கு அந்த வீட்டில் மதிப்பிருக்குமா என்று அம்மா கேட்க, அத்தா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வந்தால் இருவரும் பேச்சை மாற்றுவார்கள். குப்பி என் தலையைப் பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். என் கூந்தல் அந்த நாட்களில் இருந்த அழகில் பிறகு ஒரு நாளும் இருந்ததில்லை.

அப்படிப் பின்னிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் அடித்தது. நான் எட்டி ரிசீவரை எடுத்தேன், குப்பி பின்னலை விடாமல் என் தலைமேலேயே குனிந்திருந்தாள். படப்பை மாமா. பின்னால் கடையின் இரைச்சல். "பேனா சூப்பரா எழுதுதுன்னு அத்தாகிட்ட சொல்லு" என்றுதான் ஆரம்பித்தார்.

அப்போது விமானம் வந்துவிட்டது. எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது பேச்சை அப்படியே நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது பொழிச்சலூர்க்காரர்களின் பழக்கம். படப்பைக்காரருக்கு இது தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். இரைச்சல் அடங்கியபோது கடைசித் துண்டு மட்டும் கணீரென்று வந்தது. "...குப்பியை அனுப்பி வைக்கச் சொல்லு. மறந்துடாதே." போன் வைக்கப்பட்டது.

என் கணக்கு எளிமையானது. குப்பி எனக்குத்தான் குப்பி, மாமாவுக்கு அவள் குப்பியா? பேனாவைப் பற்றிப் பேசியவர் கேட்பது மைக்குப்பியைத்தான். பீரோவில் அது தனியாக உட்கார்ந்திருப்பதும், அங்கே மை தீர்ந்திருப்பதும் எனக்குத்தான் வாராவாரம் தெரியுமே. திரும்பிக் குப்பியிடம் சொன்னேன்.

"மாமாவுக்கு மைக்குப்பி வேணுமாம். அனுப்பி வைக்கச் சொன்னாரு."

பின்னிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. பிறகு, "அப்படியா? அத்தா வந்ததும் இதை அப்படியே சொல்லு" என்றாள். ரிப்பனை வழக்கத்தை விட இறுக்கிக் கட்டினாள்.

அப்படியே சொன்னேன். அத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பேனாவை எடுத்துக்கினாரு, சரி. இப்ப மையும் வேணுமாமா? படப்பைல மை விக்கலியா? தங்கச்சி ஒருத்தி இங்க உக்காந்துகினு இருக்கா, அவளைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல!" என்று சட்டையைக் கூடக் கழற்றாமல் கத்தினார். அம்மா கண்ணால் குப்பியைக் காட்டினாள். அத்தா அடங்கினார். ஒரு பாட்டில் மையைக் கொடுக்க மறுத்து, அந்தக் கோபம் தங்கையின் தலையில் விடிந்தால் என்ன செய்வது? பீரோவைத் திறந்து, பாட்டிலை எடுத்து, கடைசியாக ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்து, மேசைமேல் வைத்தார்.

பேக்கிங் வேலையைக் குப்பியே செய்தாள். பஞ்சு வைத்து, தன் ரோஸ் துப்பட்டாவில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினாள். மை சிந்தினால் அவருடைய வெள்ளைச் சட்டை போய்விடும் என்று அக்கறையாகச் சொன்னாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஃபேன் ஏற்றிக்கொண்டு படப்பைக்குப் போகும் டெம்போவில் அத்தா அதைக் கொடுத்தனுப்பினார். "இன்னா பாய், இத்தினியூண்டு டப்பா கீது, இதுக்குப் போயி இவ்ளோ பத்திரமா?" என்று டிரைவர் கேட்டதற்கு அத்தா, குப்பி ஜாக்கிரதை என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தா சாப்பிட்டுவிட்டுச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் வாசலில் பைக் சத்தம் கேட்டது. படப்பை மாமா, கையில் அதே பிஸ்கட் டப்பா. வாசலிலேயே நின்றார். அத்தாவைப் பார்த்தார், அத்தாவுக்குப் பின்னால் கதவோரம் நின்ற குப்பியைப் பார்த்தார்.

"மச்சான், நான் குப்பியை அனுப்பி வைங்கன்னு சொன்னா, நீங்க குப்பியை அனுப்பி வெச்சிருக்கீங்க!"

அந்தச் சமயம் பார்த்து ஒரு விமானம். யாரும் பேச முடியாது. அத்தா வாயைப் பாதி திறந்தபடி, மாமா டப்பாவை நீட்டியபடி, அம்மா கரண்டியோடு, எல்லோரும் நின்றோம். நின்ற அந்த நேரத்தில் விஷயம் ஒவ்வொருவர் முகத்திலும் விளங்கிக்கொண்டே வந்தது. விமானம் போனதும் முதலில் சிரித்தது அம்மாதான். அத்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். குப்பி மட்டும் சிரிக்காமல் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

மாமா தண்ணீரைக் குடித்து நடந்ததைச் சொன்னார். பலகாரம் வந்திருக்கிறது என்று வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே மை பாட்டில். பெண்ணைக் கேட்டால் மையை அனுப்புகிறார்களே, இது என்ன பதில் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பேனாவை எடுத்தவர் இதையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று குத்திக் காட்டுகிறார்கள் போல என்று அவர் அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. உடனே கல்யாண சி.டி.யைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"மூடியைக் குடுக்கறப்போ உங்க மூஞ்சியைப் பாத்தேன் மச்சான். அப்பதான் புரிஞ்சுது. தப்பா நெனைக்காதீங்க" என்று பையிலிருந்து பேனாவை எடுத்து அத்தாவின் முன்னால் வைத்தார்.

அத்தா பேனாவைக் கையில் எடுத்தார். கனத்தை உள்ளங்கையில் நிறுத்துப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் வைத்திருந்தார். டப்பாவிலிருந்து பாட்டிலை எடுத்து, நிப்பை இறக்கி, திருகி, நிரப்பி, பனியன் துணி கேட்டு வாங்கித் துடைத்தார். செய்தித்தாளின் ஓரத்தில் தன் பெயரை எழுதினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னொரு தடவை எழுதினார். பிறகு பெருமூச்சு விட்டு மூடியைப் போட்டு, மாமாவின் சட்டைப்பையில் அவரே செருகினார்.

"நிப்பு உங்க கைக்குப் பழகிடுச்சு மாப்பிள்ளை. இனிமே எனக்கு எழுதாது."

எனக்கென்னவோ அந்த எழுத்து முன்போலவே மணிமணியாகத்தான் தெரிந்தது. ஈரம் அதே மாதிரி மின்னி, அதே மாதிரி அடங்கியது. சொல்ல வாயெடுத்தேன், அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

மாமா எவ்வளவோ மறுத்தார். அத்தா கேட்கவில்லை. பேனா அங்கே இருக்கட்டும், குப்பி இங்கே இருக்கட்டும், மை தீரும்போதெல்லாம் வந்து நிரப்பிக்கொண்டு போங்கள், வரும்போது குப்பியையும் கூட்டி வாருங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். படப்பையில் மை விக்கலியா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு பேனாவில் மை தீர்ந்துகொண்டே இருந்தது. மாமா அவ்வளவு எழுதினாரா, வழியில் கொட்டினாரா தெரியாது. வெள்ளிக்கிழமையானால் பைக் வந்து நிற்கும். அத்தா நிரப்பி, துடைத்து, சரியாக எழுதுகிறதா என்று பார்க்கிறேன் என்ற பெயரில் செய்தித்தாளின் முதல் பக்கம் முழுவதையும் எழுதித் தீர்த்துவிட்டுத்தான் கொடுப்பார். குப்பி அம்மாவோடு அடுப்படியில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

மாமா டப்பாவோடு வந்த அன்று குப்பி அவரோடு கிளம்பும்போது நான் அவள் பையை மூட உதவிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதா என்று எனக்குள் ஒரு குடைச்சல். ரகசியமாகக் கேட்டேன்.

"குப்பி, அன்னைக்கு நீ என் தலைமேலதானே குனிஞ்சிருந்த. மாமா சொன்னது உனக்குக் கேக்கலியா?"

"நல்லாவே கேட்டுச்சு."

"அப்ப மாமா உன்னைத்தான் சொல்றாருன்னு ஏன் சொல்லல?"

குப்பி ஜிப்பை இழுத்து மூடினாள். வாசலில் மாமா பைக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பதை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். என் கன்னத்தைக் கிள்ளி, "அனுப்பி வைக்கறதுக்கு நான் என்ன பார்சலாடி?" என்று சிரித்துக்கொண்டே போய் ஏறி உட்கார்ந்தாள்.

பைக் தெருமுனை திரும்பும் வரை கையாட்டிக்கொண்டிருந்தேன். பார்சலாகப் போனது மைக்குப்பிதானே, இவள் ஏன் நடுவில் தன்னைச் சொல்லிக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.